குலுக்கிக் குடிக்கவும்

மருந்து வாங்கப் போகிறவர் பாட்டிலை வீட்டிலிருந்தே கழுவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலும் பிராந்தி பாட்டில். இல்லாவிட்டால் கூந்தல் தைலமோ டானிக்கோ வந்து காலியானது. கார்க் தொலைந்துபோயிருந்தால் சுருட்டிய காகிதமோ வாழைச்சருகோ அடைப்பாக இருக்கும். கம்பவுண்டர் பாட்டிலை வாங்கியதும் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் ஒரு பேச்சும் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். தேறிய பாட்டில் உள்ளே போகும். சற்று நேரத்தில் சிவப்பாகவோ பாலாகவோ பழுப்பாகவோ ஒரு திரவத்தோடு வெளியே வரும். அதன் விலாவில் மேலிருந்து கீழாக ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கும். நீளவாக்கில் மடித்துக் கத்தரிக்கோலால் பல்லுப்பல்லாக நறுக்கிய துண்டு, மைதாப் பசை காயாத ஈரத்தோடு. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே இருப்பது ஒரு வேளை மருந்து. “காலையில ஒரு வெட்டு, மத்தியானம் ஒரு வெட்டு, ராத்திரி ஒரு வெட்டு. குலுக்கிட்டுக் குடிங்க ஆயா.” அவ்வளவுதான். எழுத்து தெரியாதவரும் தப்பில்லாமல் குடித்துவிடுவார்.

இந்த மிக்ஸ்சர் பாட்டில் செத்துப்போய்விட்டது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்த ஊர் மெடிக்கலிலும் மருந்தைக் கலந்து கொடுப்பவர் இன்று இல்லை. பாட்டிலோடு கம்பவுண்டரும் போனார். என் தாத்தா அந்த வேலை பார்த்தவர். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

தாத்தாவுக்கு வீடு தஞ்சாவூர் மானம்புச்சாவடியில், வேலை கீழவாசல் பக்கம் ஒரு டாக்டரின் மருந்தகத்தில். வாரத்தில் ஆறு நாள் அவர் விரல் நுனி ஊதா நிறமாக இருக்கும். ஜென்ஷியன் வயலட் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஏழாம் நாள் அதே விரல்கள் ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும். லுத்தரன் கோவிலில் ஆராதனைக்கு முதல் மணி அடிப்பதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுகிறவர். ஜெர்மானிய மெட்டில் தமிழ் வரிகளை இழுத்துப் பாடும் அந்தப் பாட்டுகள் அவருக்கு வேலைநேரத்திலும் உதவின. கல்வத்தில் சூரணம் அரைக்கும்போது அவர் முனகுவது ஞானப்பாட்டாகத்தான் இருக்கும். அரைக்கும் வேகம் பாட்டுக்குத் தக்கபடி மாறும் என்பது பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் கண்டுபிடித்த ரகசியம். அவசர மருந்து என்றால் பாட்டு நின்றுவிடும்.

எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு வேறு. அறுபது மினிம் ஒரு டிராம், எட்டு டிராம் ஒரு அவுன்ஸ், இருபது அவுன்ஸ் ஒரு பைன்ட். இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மெட்ரிக் அளவு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மில்லியும் லிட்டரும் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தாத்தா அவுன்ஸில் கேள்வி கேட்பார். வயிறு உப்பினால் ஓமத்திரவம், இருமினால் அதிமதுரம், மாதம் ஒரு சனிக்கிழமை காலை எல்லாருக்கும் விளக்கெண்ணெய். அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும் நாங்கள் அவரை நேசித்ததில்லை.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி அதைப் பார்க்க வழியில்லை. டாக்டர் எழுதும் சீட்டில் பாதி லத்தீன் சுருக்கெழுத்து. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், தினம் மூன்று வேளை எல்லாம் இரண்டு மூன்று எழுத்தில் முடிந்துவிடும். தஞ்சாவூரில் லத்தீனை வைத்துப் பிழைத்தவர்கள் கத்தோலிக்கச் சாமியார்களும் கம்பவுண்டர்களும்தான். சாமியார்கள் 1960களில் தமிழுக்கு மாறிக்கொண்டார்கள். கம்பவுண்டர் கடைசிவரை மாறவில்லை. சீட்டு வந்ததும் தாத்தா அதை ஒரு பெரிய பேரேட்டில் நகல் எடுத்து வரிசை எண் போடுவார். அதே எண் பாட்டில் லேபிளிலும் ஏறும். அடுத்த தடவை காலி பாட்டிலை மட்டும் நீட்டினால் போதும், எண்ணைப் பார்த்துப் பேரேட்டைப் புரட்டி அதே மருந்தைக் கலந்துவிடலாம்.

ஜாடியிலிருந்து ஊற்றும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்க வேண்டும். வழிகிற துளி எழுத்தை அழித்துவிட்டால் நாளைக்கு ஜாடியில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? கண்ணாடி மூடியை மேசையில் வைக்கக் கூடாது, சுண்டுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அளவுக் கிளாஸைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, திரவத்தின் குழிந்த அடிவிளிம்பு கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கரைகிற உப்புகளை முதலில் கரைத்து வடிகட்ட வேண்டும். கரையாத தூளை வேலம்பிசினோடு அரைத்துத் திரவத்தில் மிதக்கவிட வேண்டும். எவ்வளவு நன்றாக மிதக்கவிட்டாலும் நேரம் போனால் அடியில் தங்கும். ‘குலுக்கிக் குடிக்கவும்’ என்று ஒட்டுவதற்குக் காரணம் அதுதான். குலுக்காமல் குடித்தால் முதல் வேளை வெறும் தண்ணீர், கடைசி வேளை மொத்த மருந்தும்.

சில கலவைகளில் இது உயிர்ப் பிரச்சினை. எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரிக்னைன் திரவத்தைப் புரோமைடு உப்போடு சேர்த்தால் ஸ்ட்ரிக்னைன் மெதுவாகப் பிரிந்து அடியில் படியும். கடைசி வேளையில் விஷம் முழுவதும் வந்துசேரும். மருந்துக் கலவை படித்தவர்களுக்கெல்லாம் முதலில் சொல்லிக்கொடுக்கும் எச்சரிக்கை இது. டாக்டர் மறந்து இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால், சீட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், “சார், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று சொல்கிற பொறுப்பு கம்பவுண்டருடையது. தப்பு என்று சொல்லமாட்டார். ‘கொஞ்சம் பாருங்க’தான். மரியாதையும் கெடாது, ஆளும் பிழைப்பான்.

வயிற்றுக்குக் கொடுக்கும் சிவப்பு மிக்ஸ்சர்தான் எல்லாருக்கும் பிடித்தது. அதில் சோடா உப்பு, ஏலக்காய் டிங்ச்சர், இஞ்சி டிங்ச்சர், பெப்பர்மின்ட் தண்ணீர், இனிப்பும் காரமுமாய்த் தொண்டையில் இறங்கும் குளோரோபார்ம் எல்லாம் உண்டு. சிவப்பு நிறம் ஏலக்காய் டிங்ச்சரில் சேர்க்கும் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து வருவது. சுத்த சைவக்காரர்கள் எத்தனை பேர் அந்தப் பூச்சியைக் குடித்திருப்பார்கள் என்று தாத்தா சிரிப்பார், ஆனால் கடையில் சொல்லமாட்டார். யோசித்துப் பார்த்தால் ஏலமும் இஞ்சியும் ஓமமும் நம் அடுக்களையிலிருந்தே கப்பலேறிப் போய், லத்தீன் பேர் வைத்துக்கொண்டு, சீமை மருந்தாகத் திரும்பி வந்திருக்கின்றன. மக்களுக்கு அது நாக்கில் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலீஷ் மருந்து என்று பயந்தவர்கள்கூடச் சிவப்பு மிக்ஸ்சரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

டெல்டாவில் எந்த மாதம் எந்த மருந்து போகும் என்பதை ஆற்றுத் தண்ணீர் தீர்மானித்தது. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். கல்லணைக்குத் தண்ணீர் வந்து, வாய்க்காலில் பிரிந்து, குறுவைக்குச் சேறு அடித்ததும் தாத்தா பளிங்குப் பலகையை எடுத்து வைத்துவிடுவார். சேற்றுப்புண் வரத் தொடங்கும் காலம் அது. நாற்று பறித்து நடும் பெண்கள் நாள் முழுக்கச் சேற்றில் நிற்பார்கள். கால்விரல் இடுக்கு வெந்து, வெளுத்து, பிளந்துவிடும். அதற்கு விட்ஃபீல்டு களிம்பு. பென்சாயிக் அமிலம் 6 பங்கு, சாலிசிலிக் அமிலம் 3 பங்கு, மீதி வாசலைன் போன்ற கொழுப்பு. பலகையில் வைத்துத் தட்டைக் கத்தியால் இழைத்து இழைத்து, நெருநெருப்பு போன பிறகு வாழையிலைத் துண்டிலோ தீப்பெட்டிக் கூட்டிலோ வைத்துக் கொடுப்பார். புண்ணில் நீர் வடிந்தால் முதலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் கால் நனைக்கச் சொல்வார், பிறகு ஊதா மருந்து. “ரெண்டு நாள் சேத்துல இறங்காம இருக்க முடியுமா ஆத்தா?” என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்பார். “கூலிய நீங்க குடுங்க, நிக்கிறேன்” என்று ஒவ்வொருத்தியும் சொல்வாள். அதற்கு அவரிடம் மருந்து இல்லை. இருந்தாலும் அடுத்த ஆளிடமும் அதையே கேட்டார்.

மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம்பார்த்த பூமிக்குத் தண்ணீர் போனது. தண்ணீரோடு மலேரியாவும் போனது. புது வாய்க்கால், தேங்கிய நீர், கொசு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் 1930களின் பிற்பாதியில் அங்கே வந்து ஆராய்ச்சி நடத்துகிற அளவுக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. தாத்தா தொழில் பழகியது அந்தக் காலத்துப் பட்டுக்கோட்டையில்தான், ஒரு டாக்டரிடம் எடுபிடியாக. முதலில் கற்ற மருந்து கொயினா மிக்ஸ்சர். நாக்கு தடித்துப்போகிற கசப்பு. நீலகிரியில் நடுவட்டத்தில் சின்கோனா மரப்பட்டையிலிருந்து அரசாங்கமே கொயினா எடுத்தது. ஆனாலும் உலகத்துக் கொயினாவில் பெரும்பங்கு ஜாவாத் தீவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் கொயினாவுக்குப் பஞ்சம் வந்தது. உலகப் போரைப் பற்றித் தாத்தாவுக்கு இருந்த நினைவு குண்டும் விமானமும் அல்ல. கொயினா ஜாடியின் அடியைச் சுரண்டியதும், நடுங்கிக்கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும்தான்.

கும்பகோணத்து யானைக்கால் ஊரறிந்தது. கேலிப் பேச்சாகவே இருந்தது. 1940களின் கடைசியில் அதற்கு டிஇசி என்ற மாத்திரை வந்தபோது, கலக்க வேண்டிய வேலையே இல்லை, எண்ணிக் கொடுத்தால் போதும். அன்று கம்பவுண்டர்கள் யாரும் அதைத் தங்கள் தொழிலுக்கு வந்த சாவு என்று நினைக்கவில்லை. நல்ல மருந்து வந்ததே என்று மகிழ்ந்தார்கள்.

தஞ்சைச் சீமையில் மருந்தும் கோவிலும் ஒரே ஆளிடம் சேர்வது புதிதல்ல. 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியிலிருந்தே அது தொடங்குகிறது. ஜெர்மனியில் ஹாலே நகரத்து அநாதை விடுதி தன் மருந்துச்சாலையில் செய்த மருந்துகளை விற்றுப் பணம் சேர்த்தது. அந்த மருந்துப் பெட்டிகள் வேதப்புத்தகங்களோடு கப்பலில் தரங்கம்பாடிக்கும் வந்தன. தங்கம் சேர்த்ததாகச் சொல்லப்பட்ட எசென்ஷியா டல்சிஸ் என்ற துளிமருந்து அதில் பேர்பெற்றது. சீகன்பால்குவுக்குப் பின் வந்த கிரண்ட்லர் எதிர்த்திசையில் போனார்: தமிழ் வைத்தியர்களிடம் கேட்டு, அவர்கள் முறையை ஜெர்மன் மொழியில் 1711இல் ஒரு நூலாக எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் இறந்தார். அதே ஆண்டு அரியணை ஏறிய அவருடைய வளர்ப்புப் பிள்ளை போன்ற சரபோஜி தன்வந்திரி மகால் என்று ஒன்றை வைத்து நாட்டு வைத்தியத்தையும் மேல்நாட்டு வைத்தியத்தையும் ஒரே கூரையின்கீழ் சோதித்தார். பலித்த முறைகளைத் தமிழ்ப் பாட்டாக எழுதிவைத்தார்கள். சரபேந்திர வைத்திய முறைகள் என்று சரஸ்வதி மகால் நூலகம் அச்சிட்டவை அவைதான்.

இந்த வரிசையில் பெரிய ஆள் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்து, தஞ்சாவூருக்கு ஆசிரியராக வந்து, 1890இல் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானவர். சுருளி மலையில் சந்தித்த கருணானந்தர் என்ற சித்தரிடம் மருந்து கற்றதாகச் சொன்னவர். கிறிஸ்தவராகவே இருந்து, சாமியார் ஒருவரைக் குருவாக ஏற்று, அந்தப் பெயரையே தான் செய்த எல்லாவற்றுக்கும் வைத்தவர். அவருடைய கோரோசனை மாத்திரை நாடெங்கும் போயிற்று. அந்தக் காசு என்ன ஆயிற்று என்பதுதான் விசேஷம். தஞ்சாவூருக்கு வெளியே தோட்டம் போட்டு மூலிகை வளர்த்தார், அச்சுக்கூடம் வைத்தார், 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கித் தன் செலவிலேயே மாநாடுகள் கூட்டினார், 1916இல் பரோடா மாநாட்டுக்கு மகள்களோடு போய்ச் சுருதிக் கணக்கை வாதாடினார், 1917இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை நூலை வெளியிட்டார். 1919இல் இறந்தார். தமிழிசை ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டது ஒரு வைத்தியரின் மாத்திரை விற்ற பணம் என்பதை இசைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம். தாத்தா தலைமுறைக் கம்பவுண்டர்களுக்குப் பண்டிதர் கர்வத்துக்குரிய பேர். ஆனால் ஒரு வித்தியாசம்: பண்டிதரின் மருந்துக்குப் பண்டிதர் பேர் இருந்தது. கம்பவுண்டர் கலந்த மருந்துக்கு அவர் பேர் கிடையாது, பேரேட்டு எண்தான். டாக்டர் மருந்து என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

இனி உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த ஜாடிகளில் இருந்ததில் கணிசமானது நோயைத் தீர்க்கவில்லை. கொயினா தீர்த்தது. விட்ஃபீல்டு களிம்பு தீர்த்தது, இன்றும் தீர்க்கும். பேதிக்குச் சீமைச்சுண்ணாம்பும் கேயோலினும் கொடுத்தபோது, குழந்தையைக் காப்பாற்றக்கூடியது உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. காய்ச்சலுக்குக் கொடுத்த வியர்வை மிக்ஸ்சரால் வியர்த்தது, நிமோனியா போகவில்லை. 1930களில் சல்பா, 1940களில் பெனிசிலின். அவை வந்த பிறகுதான் சாகவேண்டியவர்கள் எழுந்து நடந்தார்கள். தாத்தாவே அப்படித்தான் சொன்னார்: “நாங்க கலந்து குடுத்ததுல பாதிக்கு மேல ஆறுதல்தான். பெனிசிலின் ஊசி வந்தப்பறம்தான் கோவில்ல குழந்தை அடக்கம் குறைஞ்சுது.” அடக்க ஆராதனைகளையும் மருந்துகளையும் ஒருங்கே எண்ணிய ஆள் சொன்ன வார்த்தை அது.

கம்பவுண்டர்கள் எல்லாரும் அவரைப் போல இருக்கவும் இல்லை. தண்ணீரை அதிகமாக ஊற்றியவர்கள் உண்டு, நிறம் கூட்டி ஏமாற்றியவர்கள் உண்டு, படிக்காமலேயே பழக்கத்தில் ஊசி போட்டவர்கள் உண்டு. ஆர்.என். சோப்ரா தலைமையில் 1930–31இல் மருந்து விசாரணைக் குழு அமைந்தபோதே, சந்தையில் போலி மருந்தும் பயிற்சியில்லாத கையும் மலிந்திருப்பதுதான் பேச்சு. அதன் விளைவாக 1940இல் மருந்துகள் சட்டம், 1948இல் பார்மசி சட்டம். வேலையில் பழகியவர்களுக்கும் முதல் பதிவேட்டில் இடம் கொடுத்தார்கள். அதன் பிறகு படிப்பு கட்டாயம். நியாயமான ஏற்பாடுதான்.

பாட்டிலைக் கொன்றது சட்டம் இல்லை, தொழிற்சாலை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்தியக் கம்பெனிகள் மாத்திரைகளை மலிவாக அடித்துத் தள்ளின. ஒரு அவுன்ஸ் கலக்குகிற நேரத்தில் பத்துப் பேருக்கு அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிடலாம். டாக்டர்களும் கலவையை எழுதுவதை விட்டு கம்பெனிப் பேரை எழுதத் தொடங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் மட்டும் பெரிய ஜாடியில் கலந்து வைத்த மிக்ஸ்சர் இன்னும் சில காலம் ஓடியது. பாட்டில் கொண்டுவராதவர்கள் அங்கே நின்ற இடத்திலேயே குடித்துவிட்டுப் போனார்கள். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்து, மறு ஆண்டு முதல் மாநிலம் முழுவதற்கும் மருந்தை மொத்தமாக வாங்கிச் சோதித்து அட்டையில் அடைத்து அனுப்பியது. ஏழைக்குத் தரமான மருந்து கிடைக்க இதைவிட நல்ல வழி அதுவரை இருந்ததில்லை. வேறு மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. மிக்ஸ்சர் ஜாடி காலியானது. அதற்காக அழ முடியாது, நானும் அழவில்லை.

போனது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சபை ஐயர் வாசலில் நின்று கைகொடுத்து அனுப்பிய பிறகு, வேப்பமரத்தடியில் தாத்தாவைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். “அந்த இருமல் மருந்து குடிச்சா தூக்கம் தூக்கமா வருது சார்.” “போன தடவை சேப்பா இருந்துது, இந்தத் தடவை வெளுத்திருக்கே?” “மூணு நாளாச்சு, காய்ச்சல் விடல.” ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லுவார். ஏன் வெளுத்தது என்று சொல்லுவார். காய்ச்சல் விடவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்கச் சொல்லாமல் நேரே டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்லுவார், சில நேரம் கூடவே போவார். பாட்டி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். மருந்து கலந்தவர் ஓடி ஒளிய முடியாத ஊர் அது. வாரம் தவறாமல் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க வேண்டும். திங்கட்கிழமை தப்பாகக் கலந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

இதை எல்லாருக்கும் கிடைத்த சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தஞ்சாவூர்க் கோவில்களிலேயே சாதி வரிசை இருந்தது. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, அதை எதிர்த்து எழுதியவர்களில் கீர்த்தனைகளால் நாம் கொண்டாடும் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். கடையிலும் அதன் நிழல் உண்டு. மிராசுதார் வீட்டுக் காரியக்காரர் வந்தால் முன்னால் போவார். பண்ணையாள் பாட்டிலோடு வெளித்திண்ணையில் காத்திருப்பார். உள்ளே அளவு ஒன்றுதான், காத்திருந்த நேரம் ஒன்றல்ல. தாத்தா தன்னால் முடிந்தவரை வரிசைப்படி கூப்பிட்டார் என்று அம்மா சொல்வார். முடிந்தவரை என்பதற்கு ஒரு எல்லை இருந்தது என்றும் அவரே சொல்வார்.

ஆனாலும் கேட்கப் போனால் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பக்கம் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று விட்டிருக்கும் அளவு 0.1 சதவீதம். அந்தப் பாட்டிலில் லேபிள் இருந்தது, தொகுதி எண் இருந்தது, காலாவதித் தேதி இருந்தது. கலந்தவர் யார் என்று அந்தத் தாய்மார்களுக்குத் தெரியாது, கலந்தவருக்கும் அந்தக் குழந்தைகளைத் தெரியாது. தாத்தா தலைமுறைக் கம்பவுண்டர் தவறு செய்திருந்தாலும் ஒரு பாட்டிலோடு, ஒரு வீட்டோடு நின்றிருக்கும். தொழிற்சாலை தவறு செய்தால் அது மாநிலம் தாண்டிப் போகிறது. இதற்காகத் தொழிற்சாலையை மூடிவிட்டுக் கல்வத்தை எடுக்க வேண்டியதில்லை. சோதனை செய்கிறவர்களை அதிகமாக்க வேண்டும், சோதித்தவர் பெயர் வெளியே தெரிய வேண்டும். கூடவே, கடைசியாக மருந்தை நம் கையில் கொடுக்கிற ஆள் பேசவும் வேண்டும்.

அப்படி ஒரு ஆள் சட்டப்படி இன்றும் இருக்கிறார். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டம். அவர் வெள்ளை மேலங்கி அணிந்து, பெயரும் பதிவெண்ணும் எழுதிய பட்டையைக் குத்தியிருக்க வேண்டும், நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு விதி. நம் ஊர்க் கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. ஆள் பல நேரம் இருப்பதில்லை. அடுத்த முறை மெடிக்கலுக்குப் போனால் அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். சான்றிதழில் இருக்கும் பெயரைப் படித்து அவரைக் கூப்பிடுங்கள். இது எதற்கு, எப்போது, எத்தனை நாள், ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரிடம் வருவது என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.